1810இல் வைத்த கல்

கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் இரண்டு பட்டியல்களோடு புறப்படுவது வழக்கம். ஒன்று ஆசிரியர் கொடுப்பது. மற்றொன்று வீட்டார் கொடுப்பது. முன்னதில் வினாக்கள் இருக்கும். பின்னதில் வாங்கிவர வேண்டிய பொருள்கள் இருக்கும். திரும்பி வரும்போது பெரும்பாலும் இரண்டாவது பட்டியலே குறைவின்றி நிறைவேறியிருக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து எருசலேமுக்குப் பயணமான வரலாற்று மாணவன் ஒருவனுக்கு வீட்டார் பட்டியலில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அதை ஒப்படைத்தவர் அவனுடைய பாட்டியார். ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மையார் அவர். தாம் நாள்தோறும் உருட்டும் செபமாலையைப் பேரன் கையில் கொடுத்து, “ஆண்டவரைக் கிடத்துன கல்லு அங்கே இருக்காம் தம்பி. அது மேலே இதை ஒரு தடவை வச்சி எடுத்துட்டு வா. அப்புறம் கல்லறைக்குள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு” என்றார். இளைஞன் தலையசைத்து வாங்கிக்கொண்டான். அது அவ்வளவு கடினமான வேலையாக இருக்கும் என்று அவன் அப்போது எண்ணவில்லை.

முதல் நாள் பெத்லகேம். இயேசு பிறந்த இடத்தில் எழுந்துள்ள ஆலயத்தின் வாயில் ஏறத்தாழ நான்கடி உயரமே உடையது. மன்னனாயினும் குனிந்தே நுழைய வேண்டும். உள்ளே குகையின் தரையில், பதினான்கு முனைகள் கொண்ட வெள்ளி விண்மீன் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நெடிதுயர்ந்த சுவர் ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. அது 2002ஆம் ஆண்டு முதல் இஸ்ரேல் எழுப்பிவந்த சுவர். அமைதியின் பிறப்பிடம் என்று பாட்டியார் சொல்லக் கேட்ட ஊர் அதற்கு அப்பால் இருந்தது. மாணவன் குறிப்பேட்டில் சுவரைப் பற்றி ஒரு பக்கமும், விண்மீனைப் பற்றி இரண்டு வரிகளும் எழுதினான்.

மறுநாள் காலை எருசலேம் பழைய நகரத்தின் கல்லறைத் திருக்கோயில். நுழையுமுன் பேராசிரியர் வெளிமுற்றத்தில் மாணவர்களை நிறுத்தி அதன் கதையைச் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டியது. 1009இல் கலீபா அல்ஹாக்கிமின் ஆணையால் இடிக்கப்பட்டது. பின்னர் மீண்டும் எழுந்து, சிலுவைப்போர் வீரர்களால் விரிவாக்கப்பட்டு 1149இல் அர்ச்சிக்கப்பட்டது. 1808இல் தீக்கு இரையாகி மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டியர், சிரியர், எத்தியோப்பியர் எனும் ஆறு சபையாருக்கு அங்கே உரிமை உண்டு. யாருக்கு எது என்பதை உதுமானியச் சுல்தானின் 1852ஆம் ஆண்டு ஆணை நிலைநிறுத்தியது. முகப்புச் சாளரத்தடியில் ஒரு மர ஏணி நிற்கிறது. 1728ஆம் ஆண்டு ஓவியத்திலேயே அந்த இடத்தில் ஓர் ஏணி காணப்படுகிறது. ஒருவர் நகர்த்தினால் மற்றவர் உரிமை கெடும் என்பதால் எவரும் அதனைத் தொடுவதில்லை. கதவின் திறவுகோலோ தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்தாரிடம். கதவைத் திறக்கும் பணி இன்னொரு முஸ்லிம் குடும்பத்தாரிடம். மாணவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பூசல் மலிந்த வீட்டில் திறவுகோலைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

உள்ளே நுழைந்ததும் எதிரிலேயே கிடந்தது அந்தக் கல். இளஞ்சிவப்பு நிறம், மேலே தொங்கும் விளக்குகள். சிலுவையிலிருந்து இறக்கிய திருவுடலுக்கு நறுமணத் தைலம் பூசிய கல் என்பது மரபு. பேராசிரியர் தாழ்ந்த குரலில், “இப்போதுள்ள பலகை 1810இல் வைக்கப்பட்டது” என்று சொல்லி அப்பால் நடந்தார்.

மாணவனின் கை சட்டைப் பைக்குள்ளேயே நின்றுவிட்டது. நெப்போலியன் காலத்துக் கல்! பாட்டியாரின் செபமாலையை இதன்மேல் வைத்து, ‘வைத்தேன் பாட்டி’ என்று சொல்வது எப்படி? வைக்காமல் திரும்புவதும் எப்படி? படித்தவனுக்கு மட்டும் வாய்க்கும் இக்கட்டு இது. அவன் ஓரமாக ஒதுங்கி நின்றான். கறுப்பு முக்காடிட்ட மூதாட்டி ஒருவர் மண்டியிட்டுக் கல்லின்மேல் நறுமண எண்ணெயை ஊற்றி வெள்ளைத் துணியால் துடைத்தெடுத்தார். பின்பு அந்தத் துணியை, குழந்தையின் சட்டையை மடிப்பதுபோல் மடித்துப் பைக்குள் வைத்தார். அவருடைய நாடு எது, மொழி எது என்று அவனுக்குத் தெரியவில்லை. விரல்களின் கணுக்கள் மட்டும் பாட்டியாருடையவை போலவே தடித்திருந்தன. அவர் எழுந்து சென்ற இடத்தில் மாணவன் மண்டியிட்டுச் செபமாலையை வைத்தான், எடுத்தான். மாணவர்களுள் எவரும் பார்க்கவில்லை என்பதில் சிறிது ஆறுதல் அடைந்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கல்லறைக்குள் செல்ல நெடுநேரம் வரிசையில் நின்றான். 2016ஆம் ஆண்டு அக்டோபரில், கல்லறையை மூடியிருந்த பளிங்குப் பலகையை ஆய்வாளர்கள் அகற்றிப் பார்த்ததையும், அங்கே எடுத்த சுண்ணச்சாந்து ஏறத்தாழ கி.பி. 345ஐச் சேர்ந்தது எனக் கண்டதையும் அவன் முன்பே படித்திருந்தான். உள்ளே அவனுக்குக் கிடைத்தது சில நொடிகளே. மெழுகுவத்தியின் வெப்பம், வழவழப்பான பளிங்கு, நெருங்கி நின்ற மூவரின் மூச்சு, அவ்வளவுதான். வாயிலில் நின்ற துறவி விரைந்து வெளியேறுமாறு கைகாட்டினார். மெய்சிலிர்க்கும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு முழங்கால்தான் வலித்தது.

வீடு திரும்பிய அன்று மாலை பாட்டியார் செபமாலையை வாங்கி முகர்ந்து பார்த்தார். நறுமணம் இருந்தது. அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் அவன் பொய்யை ஒளித்து வைக்கத் தெரியாத பிள்ளை.

“பாட்டி, அந்தக் கல்லு பழசு இல்லே. 1810லேதான் வச்சாங்களாம்.”

“அதுக்கு முன்னாடி?”

“வேறே கல்லு இருந்திருக்கு.”

“சரி, கல்லறைக்குள்ளே போனியா? என்ன இருந்துச்சு?”

அவன் சற்றுத் தயங்கினான். அந்தச் சில நொடிகளை எப்படிப் பெருக்கிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“உள்ளே ஒண்ணும் இல்லே, பாட்டி.”

பாட்டியாரின் முகம் மலர்ந்தது. “ஆமா, இருக்காதுதானே!” என்று சொல்லிச் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவனுக்குச் சோறு போட எழுந்தார்.