மிஸ்ஸிங்: ஆமத்தூர்ச் சாலையில் வாகனத் தொழில் பயிலுதல்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஆமத்தூர், பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களின் சரக்கும் ஆட்களும் நாள்தோறும் கடந்து செல்லும் ஊராதலால், லாரியும் வேனும் இருசக்கர வாகனமும் பழுதுபார்ப்போருக்கு இவ்வட்டாரத்தில் வேலை குறைவதில்லை. வெடிபொருள் ஏற்றும் வண்டியின் புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பி பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்னும் விதி வேறு ஊர்களில் காகிதத்தோடு நின்றுவிடலாம்; இங்கோ, காப்பு உரிந்த ஓர் ஒயர் என்ன செய்யும் என்பதைப் பட்டறைக்கு வரும் சிறுவனுக்கும் எவரும் விளக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984இல் உலோகத்தூள் நிறுவனமும் சிவகாசிக் காளீஸ்வரி குழுமமும் அளித்த கொடையால் உருவானது என்பது, பட்டாசின் வெண்ணொளிக்கு ஆதாரமான அலுமினியத் தூளுக்கும் இப்பகுதியின் கல்விக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. எனினும், வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவரை உருவாக்குபவை பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகள் அல்ல. சாலையோரப் பட்டறைகளும், ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களும், பாலிடெக்னிக்குகளும், டீலர்களின் சர்வீஸ் கூடங்களுமே.

பட்டறைவழிக் கல்வியில் பாடத்திட்டம் என ஒன்று கிடையாது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, டீசலில் பாகங்களைக் கழுவி, பல மாதங்கள் கழிந்த பின்னரே எஞ்சினைத் தொடும் உரிமை கிடைக்கும். ஐடிஐ வழியோ, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்து, தேசியத் தொழிற்சான்று பெற்று, அதன்பின் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு டீலரிடமோ போக்குவரத்துக் கழகப் பணிமனையிலோ அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராகச் சேர்வதாகும். வகுப்பறைப் பாடங்களை இங்கு விரிக்கத் தேவையில்லை; நால்வீச்சு எஞ்சினின் குறுக்குவெட்டுப் படம் எல்லா ஊர்களிலும் ஒன்றுதான். வேறுபாடு எழுவது டீலரிடம் சேர்ந்த பிறகு, பழகுநரின் கைக்கு எது வருகிறது, எது வருவதில்லை என்பதில்தான்.

அங்ஙனம் எளிதில் கைக்கு வராத கருவி ஸ்கேனர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வாகனங்களிலும் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டது. எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் பொறி என்பவற்றைக் கட்டுப்பாட்டுக் கணினியே முடிவு செய்கிறது. வண்டியிலுள்ள இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால், அக்கணினி பதிந்து வைத்திருக்கும் பிழைக்குறிகள் திரையில் தோன்றும். எடுத்துக்காட்டாக, 'பி 0301' என்பதில் 'பி' எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் சேர்ந்த பகுதியையும், '3' பற்றவைப்புத் தொடர்பான பிழை வகையையும், இறுதி இரண்டு எண்கள் முதல் சிலிண்டரையும் குறிக்கும்; முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது இதன் பொருள். பட்டறைகளில் இதனையே 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்பர்.

ஆயினும் கணினி பொறியைக் காண்பதில்லை. கிராங்க் தண்டின் சுழற்சி வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தளர்ச்சியை உணரியின் வழியாக அளந்து, எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது அத்தளர்ச்சி நேர்கிறது என்று கணக்கிட்டே அது பிழையைப் பதிகிறது. ஆகவே கெட்டது பிளக்கா, பற்றவைப்புக் காயிலா, இன்ஜெக்டரா, அல்லது வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் குறைந்ததா என்பதைக் குறி சொல்லாது. ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் அமைந்த எஞ்சினாயின், முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, அங்கிருந்ததை முதலாவதில் மாட்டி, குறியை அழித்துவிட்டு எஞ்சினை மீண்டும் ஓட்டுவது தேர்ந்த மெக்கானிக்கின் முறை. குறி 'பி 0302' என மாறினால் பழுது காயிலோடு இடம் பெயர்ந்துவிட்டது. மாறாவிடில் அடுத்து பிளக், பின்னர் இன்ஜெக்டர், இறுதியாக அழுத்தமானி. செலவேதும் இல்லாத இச்சோதனைக்கு வேண்டியவை சிறிது நேரமும் சிறிது பொறுமையுமே.

பழைய அம்பாசடர் காலத்து மெக்கானிக்கும் இதே தருக்கத்தையே கையாண்டார் என்பது கருதத்தக்கது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் காது கொடுப்பார். எந்த ஒயரை எடுத்தபோது ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் முன்னரே வேலை செய்யவில்லை என முடிவு கட்டுவார். ஐடிஐ படித்தவரிடம் காது இல்லை, பட்டறையில் பழகியவரிடம் கணினி அறிவு இல்லை என்று இரு தரப்பினரும் ஒருவரையொருவர் குறை கூறுவது வழக்கமாயினும், ஒன்றை மாற்றி விளைவைக் காணும் அறிவு இருவருக்கும் பொதுவானதே.

இவ்வறிவு கைவர டீலரின் கூடமே தகுந்த இடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கு ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று ஜாப் கார்டு கணக்கிடுகிறது. காயிலை இடம் மாற்றிப் பார்க்கும் நேரத்திற்குப் பில் போட இயலாது, புதிய காயிலுக்குப் போடலாம். எனவே பழுதைக் கண்டறிபவரைக் காட்டிலும் பாகத்தை மாற்றுபவரையே அவ்வமைப்பு விரும்புகிறது; பழகுநரோ ஆயில் மாற்றுதல், ஃபில்டர் மாற்றுதல், வண்டி கழுவுதல் என்னும் வட்டத்திற்குள் மாதக்கணக்கில் நிற்க நேர்கிறது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. தொழிற்பழகுநர் என்பவர் பயில்பவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்று அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுவதால், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்ற சில நீங்கலாக, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்துவதில்லை. 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் உதவித்தொகையின் கீழ்வரம்பைக் கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை அமர்த்த வேண்டும் என்றும் கூறியது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரம்பிற்குள், அரசின் பொறுப்பில் வைத்துள்ளது. நோக்கம் நல்லதே. ஆனால் இவ்வேற்பாட்டில் நிறுவனத்திற்கும் இளைஞருக்கும் இடையில் ஆள் திரட்டித் தரும் முகவர்கள் புகுந்தபின், பழகுநர் என்னும் சொல் மலிவான கையாளைக் குறிக்கும் நாகரிகப் பெயராகிவிடும் அபாயம் உண்டு. பயிற்சிக்கென அரசு பணம் தரும்போது, பயிற்சி நடந்ததா என்று கேட்கும் உரிமையும் அரசுக்கு உண்டு. எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதை எண்ணுவதோடு நிற்காமல், எத்தனை பேர் தம் கையால் ஒரு மிஸ்ஸிங்கைக் கண்டறிந்தனர் என்றும் அது கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் பில்லில் கூலி என்னும் வரியில் தொகை உயர்ந்துகொண்டே போகையில், அவ்வேலையைச் செய்த பையனின் பெயர்கூட அதில் இல்லாதிருப்பது நியாயம் ஆகாது.

மின்வாகனங்களின் வரவு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் துணையுடன் தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தியது. மின்வாகன மெக்கானிக் என்னும் பிரிவும் தோன்றியுள்ளது. மின்காரின் பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது. எனவே காப்புக் கையுறை அணிந்து, இணைப்புத் துண்டிப்பானை உருவி, மின்தேக்கிகள் வடிவதற்குக் காத்திருந்து, மல்டிமீட்டர் பூச்சியம் காட்டிய பின்னரே எதையும் தொட வேண்டும். அம்மல்டிமீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்பதை மின்னழுத்தம் உள்ள வேறோர் இடத்தில் முன்னும் பின்னும் சோதிப்பதும் பாடத்தின் பகுதியே. இங்கு இடம் மாற்றிப் பார்த்துப் பழகும் உரிமை எவருக்கும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் தனிச்சான்று பெற்றவரே உயர் மின்னழுத்தப் பகுதியைத் திறக்கலாம் என்பதால், பழகுநர் தள்ளி நின்று பார்ப்பவராகவே இருக்க நேர்கிறது. அதனால் பயிற்சி முடித்தோருள் சிலர் டீலரிடம் நிலைக்காமல், பல நிறுவன வண்டிகளுக்கும் பொருந்தும் விலை குறைந்த ஸ்கேனர் ஒன்றை வாங்கிக்கொண்டு, பெட்ரோலும் டீசலும் ஓடும் வரை ஓடட்டும் என்று சாலையோரப் பட்டறைக்கே திரும்பிவிடுகின்றனர்.