ஏவலும் விடையும்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு ஏவல் என்பது புதிய செய்தியன்று. ‘நட’, ‘வா’, ‘உண்’ என வினைப்பகுதி தனித்து நின்றாலே அது முன்னிலை ஒருமை ஏவலாகிவிடும். விகுதி வேண்டா, காலங்காட்டும் இடைநிலையும் வேண்டா. கேட்போன் ஒருவன் எதிரே நிற்கின்றான் என்னும் குறிப்பு மட்டும் போதும். இதனை யாம் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கின்றோம். ஆயினும் ஏவுவோனுக்குரிய பொறுப்பு யாது என்பதை எமக்குக் கற்பித்தது இலக்கண நூலன்று, ஒரு மோடம். அந்நிகழ்ச்சியை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்கட்கு எடுத்துரைப்பது எம் கடன் எனக் கருதுகின்றோம்.

1998ஆம் ஆண்டின் இறுதி. யாம் அப்போது பணியாற்றிய கல்லூரியின் தமிழ்த்துறை மலர் அச்சேறும் நிலையில் இருந்தது. அச்சுக்கோப்பு சென்னையில், மெய்ப்புத் திருத்தம் எம் ஊரில். தாள்கள் பேருந்தில் வந்து திரும்புவதற்குள் ஒரு கிழமை ஓடிவிடும். மலர்க்குழுவின் பொறுப்பு எம்மிடம் இருந்தமையால், அலுவலகத்தை அடுத்த கணினி அறையில் புதிதாக வந்திருந்த மோடத்தின் துணையை நாடினோம். அச்சகத்தாரிடமும் ஒரு மோடம் இருந்தது. “இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறைவு, ஐயா. நாங்களே அழைத்துப் பக்கங்களை அனுப்பிவிடுகிறோம். அழைப்பு வந்தால் எடுத்துக்கொள்ளும்படி உங்கள் மோடத்தை ஏவி வைத்துவிடுங்கள்” என்றார் அச்சகத்து நண்பர். ஏவி வைப்பதாவது எங்ஙனம் என்று வினவினோம். எம் பாடம் அன்று தொடங்கிற்று.

விளியும் ஏவலும்

கணினி அறிந்தவை ஒன்றும் சுழியுமாகிய இரு குறிகளே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்கென வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே அது சுமக்கும். குறியை ஒலியாக்கிக் கம்பியில் விடுப்பதும், கம்பியில் வந்த ஒலியை மீண்டும் குறியாக்குவதும் மோடத்தின் தொழில். முற்காலத்தில் பல இடங்களில் மனிதரே எண்ணைச் சுழற்றி, மறுமுனையின் கீச்சொலி கேட்டதும் ரிசீவரை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களுள் பொருத்தி வைப்பர். அழைப்பது மனிதர் வேலை. அதன்பின் பேசுவது பொறியின் வேலை.

1981ஆம் ஆண்டில் இந்நிலையை மாற்றியது ஸ்மார்ட்மோடம் என்னும் கருவி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகிய இருவரின் முயற்சியால் உருவான நிறுவனம் அதனை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 300 குறிகள். எழுத்துக் கணக்கில் நொடிக்கு முப்பது. வேகத்தினும் அது புகழ்பெற்றது அதன் மொழியால்தான். கணினிக்கும் மோடத்துக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு வடம். மறுமுனைக்கு அனுப்ப வேண்டிய செய்தியும், மோடத்துக்கே இடும் கட்டளையும் அவ்வொரு வழியிலேயே சென்றாக வேண்டும். ஆகவே அவர்கள் கட்டளைகளை வெறும் எழுத்துகளால் அமைத்தனர். எழுத்தை அனுப்ப வல்ல எந்தக் கணினியும் அம்மோடத்தை ஏவலாம் என்றாயிற்று.

அம்மொழியின் இலக்கணத்தைக் கண்டபோது யாம் வியந்தோம். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னே ‘ஏ’, ‘டி’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்கும். ‘கவனி’ என்னும் பொருளுடைய சொல்லின் சுருக்கம் அது. நம் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமையாகிய விளி செய்யும் தொழிலை அவ்விரண்டு எழுத்துகளும் செய்கின்றன. மேலும், கணினி என்ன வேகத்தில் எழுத்துகளை அனுப்புகின்றது என்பதையும் அவற்றின் குறிகளை அளந்தே மோடம் அறிந்துகொள்ளும். விளியைக் கேட்டே விளித்தவரின் இயல்பை அறியும் பணியாளனைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

விளிக்குப் பின்னர் ஏவல். ‘டி’ என்றால் எண்ணைச் சுழற்று. ‘ஏ’ என்றால் அழைப்பை எடு. ‘எச்’ என்றால் தொடர்பைத் துண்டி. ‘இஸட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்பு. ஒவ்வோர் ஏவலும் ஓரெழுத்து. நம் மொழியின் ‘வா’, ‘போ’, ‘தா’ என்பவற்றை ஒத்த சுருக்கம். எண்ணைச் சுழற்றும் முறை இரண்டாதலின், ஒலி முறைக்கு ஒரு ‘டி’யும், துடிப்பு முறைக்கு ஒரு ‘பி’யும் அடுத்து வரும். இவ்விடத்தில் எமக்கு ஓர் இடர் நேர்ந்தது. ஆங்கிலத்தில் வெவ்வேறாய் இருக்கும் இரண்டு எழுத்துகள் தமிழில் ஒரே ‘டி’யாய் நிற்பன. நண்பர் தொலைபேசியில் “ஏ, டி, டி, டி” என்று கூற, யாம் தாளில் எழுதிவைத்துத் தட்டச்சு செய்ய, மோடம் ‘எரர்’ என்று மறுமொழி தந்தது. எந்த ‘டி’ எந்த ‘டி’ என்று விளங்கவே அரை மணி நேரம் ஆயிற்று. வல்லின எழுத்தின் ஒலிவேறுபாடு பற்றி அதுவரை யாம் நடத்திய பாடங்கள் எவையும் உடனே கைகொடுக்கவில்லை!

ஒரு நொடி மௌனம்

தொடர்பு ஏற்பட்ட பின்னர் மோடம் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். அதன்பின் நாம் எதை எழுதினாலும் அதனைக் கட்டளையாகக் கொள்ளாது; செய்தியெனக் கருதி மறுமுனைக்கு அனுப்பிவிடும். ‘துண்டி’ என்று எழுதினால் அச்சொல்லும் சென்னைக்குப் போய்ச் சேரும். அங்ஙனமாயின் இடையில் மோடத்தை மீண்டும் ஏவுவது எவ்வாறு?

அதற்கு அவர்கள் கண்ட வழி அழகியது. ஒரு நொடி எதுவும் எழுதாமல் இருக்க வேண்டும். பின்னர்க் கூட்டல் குறியை மும்முறை விரைந்து இட வேண்டும். மீண்டும் ஒரு நொடி எதுவும் எழுதாமல் இருக்க வேண்டும். செய்தியின் நடுவே மூன்று கூட்டல் குறிகள் தற்செயலாய் வரக்கூடும். இருபுறமும் மௌனத்தோடு வருதல் அரிது. ஆதலின் ‘இஃது எனக்கே’ என்று மோடம் உணர்ந்து ஏவலை எதிர்நோக்கி நிற்கும். இம்முறைக்கு 1985ஆம் ஆண்டில் ஹெதரிங்டனின் பெயரால் காப்புரிமை வழங்கப்பெற்றது. பேச்சுக்கும் கட்டளைக்கும் இடையே ஒரு நொடி மௌனம் வேண்டும் என்பதை வீட்டிலும் வகுப்பிலும் பணியிடத்திலும் நாம் எத்துணை முறை மறந்திருக்கின்றோம்!

விடை வகை

பவணந்தியார் நன்னூலில் விடையை எண்வகைப்படுத்தினார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. மோடத்தின் மறுமொழிகள் மிகச் சிலவே. ஏவல் ஏற்கப்பட்டால் ‘ஓகே’, இது நேர்விடை. அழைப்பு மணி ஒலித்தால் ‘ரிங்’. மறுமுனை மோடத்தோடு இணைந்தால் ‘கனெக்ட்’. இணைய மறுமுனையில் மோடம் எதுவும் இல்லையேல், அல்லது இணைப்பு அறுந்தால், ‘நோ கேரியர்’. “கட்டுரை எழுதினாயா?” என்பதற்குக் “கை வலித்தது” என்பது போல, தனக்கு நேர்ந்ததைக் கூறும் இவையெல்லாம் உற்றது உரைத்தலின்பாற்படும். ஏவலே விளங்காவிடின் ‘எரர்’.

யாம் அந்நாளில் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. இவற்றுள் மறைவிடை இல்லை. ‘செய்யேன்’ என்று மோடம் ஒருபோதும் சொல்லாது. வினா எதிர் வினாதலும் இல்லை, ‘இது தகுமா?’ என்று அது நம்மைத் திருப்பிக் கேளாது.

பூட்டிய அறை

நண்பர் கூறியவாறு யாம் இட்ட ஏவல் இதுதான்: ‘ஏ டி எஸ் 0 = 1’. எத்தனையாவது மணியில் அழைப்பைத் தானே எடுக்க வேண்டும் என்னும் எண்ணை மோடம் இப்பதிவகத்தில் நினைவிற்கொள்ளும். சுழி என்றால் தானாக எடுக்காது. ஒன்று என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடும். மோடத்தின் முகப்பில் ‘ஏ ஏ’ என்னும் எழுத்துகளின் மேல் சிறு விளக்கு ஒன்று ஒளிர்ந்தது. ‘ஓகே’ என்ற விடையும் வந்தது.

வியாழன் இரவு பாதிப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. வெள்ளி காலை அவற்றைத் திரையிற்கண்டு குழந்தைகளைப் போல் மகிழ்ந்தோம். எஞ்சியவை ஞாயிறு இரவு வரும் என்றனர். ஆகவே கணினியை ஓடவிட்டு, திரையை மட்டும் அணைத்து, அறையைப் பூட்டிச் சென்றோம். அக்கம்பி மோடத்துக்கு மட்டும் உரியதன்று. அலுவலகத்துக்கும் விடுதிக் காவலர் அறைக்கும் அதுவே ஒரே தொலைபேசி இணைப்பு. விடுமுறை நாளில் மாணவர்க்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் காவலரே எடுத்து, உரியவரை ஓடிச்சென்று அழைத்து வருவார். இதனை யாம் நன்கறிவோம். அறிந்திருந்தும் அவ்வேளை நினைந்தோமில்லை.

சனிக்கிழமை நண்பகலில் விடுதி மாணவர் ஒருவரின் தந்தையார் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அம்மாணவரின் அண்ணன் ஓர் எஸ்.டி.டி. நிலையத்திலிருந்து கல்லூரிக்கு அழைத்தார். ஒரு மணி ஒலித்தது, எடுக்கப்பட்டது, “ஹலோ” என்றார். சற்று அமைதி. பின்னர்ச் செவியைத் துளைக்கும் கீச்சொலி. மோடம் வேறொரு மோடத்தைத் தேடி எழுப்பும் ஒலி அது. மும்முறை அழைத்தார், மும்முறையும் அதே ஒலி. மறுமுனையில் எடுத்தாகிவிட்டமையால் கட்டணமும் ஓடிற்று. தொலைபேசி பழுது போலும் என்றெண்ணி, உறவினர் ஒருவரைப் பேருந்தில் அனுப்பினார். அவர் வந்து சேர்ந்தது ஞாயிறு காலை.

திங்களன்று காவலர் எம்மிடம் கூறினார்: “சனிக்கிழமை போன் ஒரு மணி அடிச்சு அடிச்சு நின்னு போச்சு சார். யாரோ தப்பாப் போடுறாங்கன்னு இருந்துட்டேன்.” எமக்கு நெஞ்சம் திடுக்கிட்டது. அறையைத் திறந்து திரையை ஒளிரச் செய்தோம். வரிசையாய் நின்றன அச்சொற்கள்: ரிங், நோ கேரியர், ரிங், நோ கேரியர், ரிங், நோ கேரியர். அவற்றின் கீழே ஞாயிறு இரவுக்குரியது: ரிங், கனெக்ட். தன் இனத்தின் குரல் வந்தபோது அது இணைந்துகொண்டது. மனிதக் குரல் வந்த மூன்று முறையும் நடந்ததை நடந்தவாறே பூட்டிய அறைக்குள் எழுதி வைத்திருந்தது. அதன்பால் ஒரு பிழையுமில்லை.

மூன்று கிழமை கழித்து அம்மாணவர் திரும்பினார். தந்தையார் மறைந்துவிட்டிருந்தார். யாம் நிகழ்ந்ததை மறையாது கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்து, “சனிக்கிழமை இரவு வரைக்கும் அத்தா பேசிக்கொண்டிருந்தார்களாம், ஐயா. நான் போனபோது என்னைப் பார்த்தார்கள், பேசத்தான் முடியவில்லை” என்றார். எம்மைக் குறைகூறவில்லை. கூறியிருப்பின் ஒருவாறு ஆறியிருப்போம்.

இன்றும் தொடரும் மொழி

அன்றே ‘ஏ டி எஸ் 0 = 0’ என்று மோடத்தை ஏவினோம். “இவ்வழியில் மனிதரும் வருவர்” என ஓர் அட்டையில் எழுதி அதன்மேல் ஒட்டினோம். அதன்பின் அச்சகத்து அழைப்பு வரும் இரவுகளில் யாமே அருகிருந்து, கையால் அழைப்பை எடுத்து, முடிந்ததும் அணைத்துச் சென்றோம்.

ஹேய்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டோடு மறைந்தது. தொலைபேசி வழி மோடங்களும் பெரும்பாலும் வழக்கொழிந்தன. ஆனால் அம்மொழி மறையவில்லை. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதனைத் தரப்படுத்திற்று. செல்பேசித் தரங்களும் அதனை விரித்துக்கொண்டன. நம் மாணவர்கள் திட்டப்பணிக்கென வாங்கும் சிறு செல்பேசி மோடங்களும், தொலைவிலிருந்து வயலின் நீரேற்றுப் பொறியை இயக்கும் கருவிகள் பலவும் ‘ஏ’, ‘டி’ என்னும் அதே விளிக்கு இன்றும் ‘ஓகே’ என்கின்றன.

மாணவச் செல்வங்களே! ‘வா’ என்று நாம் ஏவும் மனிதர் ‘ஏன்?’ என்று கேட்கலாம். ‘வாரேன்’ என்று மறுக்கலாம். அம்மறுப்பும் வினாவும் நம் ஏவலின் குற்றத்தை நமக்குக் காட்டும். பொறியிடம் அவ்விரண்டு விடைகளும் இல்லை. ஆதலின் அதனை ஏவுமுன், அது கேட்க வேண்டிய வினாவை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏவல் முடிந்ததும் அதனை மீட்கவும் வேண்டும். வகுப்பில் ஏவல் வினை நடத்தும்போதெல்லாம் எமக்கு அத்திரையும் அதில் நின்ற மூன்று வரிகளும் நினைவில் வருகின்றன.