கடைமடை

நமது தகப்பனாருக்குப் பிராயம் 76. தினந்தோறும் விடியற்காலையில் இரண்டு மைல் நடந்து வந்தவர், சென்ற ஆண்டு முதல் தெருமுனையோடு திரும்பிவிட ஆரம்பித்தார். கேட்டால், "வயதாகிவிட்டதப்பா!" என்பார். நாமும் தலையை ஆட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு விடுவோம்.

ஒரு நாள் மாடிப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விட்டார். வைத்தியசாலையில் படம் பிடித்ததில், இருதயத்தைப் போஷிக்கும் ரத்தக் குழாய் ஒன்று நடுத்தரமாகக் குறுகியிருப்பது தெரிந்தது. அக்குறுகல் ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று அறிய, மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளந்தார்கள். நிக்கோ பைல்ஸ், பெர்னார்ட் டி ப்ரூய்ன் முதலிய ஐரோப்பிய நிபுணர்கள் 1990-க்களில் வகுத்த முறை இது. அடினோசின் என்னும் மருந்தால் நுண்குழாய்களை விரியச் செய்து, ரத்தம் பெருகி ஓடும்போது அளப்பார்கள். பின்னழுத்தத்தை முன்னழுத்தத்தால் வகுத்து வருவது 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால், குழாயை விரிக்கும் சிகிச்சையை யோசிப்பார்கள்.

தகப்பனாருக்கு 0.82 வந்தது.

"அப்பா பாஸ்!" என்றான் நமது தம்பி. வைத்தியர் சிரிக்கவில்லை.

"ஆரோக்கியமான வாலிபருக்கு வேண்டும்போது இருதயத்தின் ரத்த ஓட்டம் மூன்று நான்கு மடங்கு பெருகும். படத்தில் தெரியாத நுண்குழாய்கள் விரிந்து கொடுப்பதே காரணம். வயது ஏற ஏற அவை அவ்வளவு விரிவதில்லை. ஓட்டம் பெருகாவிட்டால், குறுகலைத் தாண்டும் அழுத்தமும் அதிகம் குறையாது. ஆகையால் அதே குறுகல் முதியவரிடம் சற்று லேசாகத் தோன்றலாம்" என்றார்.

நமக்குப் புரிவதற்குள் தகப்பனாருக்குப் புரிந்துவிட்டது. தஞ்சை ஜில்லாவில் நாற்பது வருஷம் நெல் விளைவித்தவர் அல்லவா?

"கடைமடை திறக்காவிட்டால், வாய்க்கால் அடைப்புக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் ஒரே மட்டமாய்த்தானே நிற்கும்?" என்றார்.

"அதேதான், பெரியவரே! கடைமடைக் கோளாறு குழாயை விரிப்பதால் தீராது. மருந்து சாப்பிடுங்கள், ரத்த அழுத்தத்தை அடக்கி வைப்போம், மெதுவாக நடங்கள். மார்பு இறுகினால் மறைக்காமல் வாருங்கள். எண்ணை மறுபடி பார்த்துக்கொள்ளலாம்" என்றார் வைத்தியர்.

பரீட்சையில் 35 மார்க்குக்குத் தேறுதல் என்றால், 36 வாங்கிய பையனின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தவறாதவர்கள் நாம். வீட்டில் மட்டும் ஒரு வருஷமாக, "வயது" என்ற ஒரே வார்த்தைக்கு முழு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது தகப்பனார் தெருமுனையைத் தாண்டி நடக்கிறார். பிள்ளையார் கோவில் வரையில் நாமும் கூடப் போகிறோம். எங்கே நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டே போகிறோம்.