செவ்வங்கி அணிந்தோர் யார்?

வரலாறு மன்னராலும் தளபதிகளாலும் மாத்திரம் ஆக்கப்படுவதன்று என நாம் வகுப்பறையிலே அடிக்கடி கூறுகின்றோம். ஆடையணிந்து நடித்துக் காட்டும் வரலாற்றுக்கும் இது பொருந்தும் என்பதை, மேற்படிப்புக்காக இங்கிலாந்திற் கழித்த ஓராண்டு எமக்கு உணர்த்திற்று. நெப்போலியன் காலத்து 'மரீன்' எனப்படும் கப்பற் சிப்பாய்களின் வாழ்வை மக்கள் முன் நிகழ்த்தும் குழுவொன்றில் அங்கே சேர்ந்தோம்.

இப்படை 1755இல் சாற்றம், போட்ஸ்மத், பிளிமத் ஆகிய துறைமுகங்களில் நிலையாக அமைக்கப்பட்டது. கம்பளிச் செவ்வங்கி, குறுக்கே வெள்ளை வார்கள், கழுத்தை இறுக்கும் கருந்தோற் பட்டை, நெடுந்துப்பாக்கி. இவற்றோடு வெயிலில் அரைநாள் நின்றபோது நூல்கள் தராத அறிவை உடல் தந்தது. 1805இல் திரபல்காரிற் பொருத ஆங்கிலக் கப்பல்களில் இத்தகையோர் ஏறத்தாழ 2,700 பேர் இருந்தனர். காண வந்தோர் அப்போரைப் பற்றியே கேட்டனர். குழுவினரும் அதனையே விரும்பிக் கூறினர்.

ஆயினும், மரீனுக்கு வேறொரு கடமையும் இருந்தது. அதிகாரிகளின் அறைகளுக்கும் மாலுமிகளின் இருப்பிடத்துக்கும் இடையே அவன் படுக்கை அமைந்தது. மாலுமிகளுட் பலர் வலிந்து பிடித்துச் சேர்க்கப்பட்டோர். அவர்கள் கிளர்ந்தெழாது காப்பதும் அவன் துப்பாக்கியின் வேலை. ஏழைக்கு ஏழையையே காவல் வைத்தது ஆளும் வர்க்கம்.

1797இல் போட்ஸ்மத்தை அடுத்த ஸ்பிற்ஹெட்டிலே, நூறாண்டுக்கு மேலாக உயராத ஊதியத்தை உயர்த்துமாறு மாலுமிகள் கப்பல்களைச் செலுத்த மறுத்தனர். 'லண்டன்' என்னும் கப்பலில் மோதல் மூண்டது. அவர்களை அடக்கவேண்டிய மரீன்களுட் பெரும்பாலோர் அவர்கள் பக்கமே சேர்ந்தனர். ஊதியமும் உயர்ந்தது.

இதனையும் நிகழ்த்துவோம் என்றோம்.

"மக்கள் வெற்றியைக் காணவே வருகின்றனர்" என்றார் குழுவின் மூத்தவர் ஒருவர்.

"இதுவும் வெற்றிதானே?" என்றோம்.

கப்பற் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் எமக்காகப் பேசினார். நீண்ட விவாதத்தின் பின் கால்மணி நேரம் கிடைத்தது.

1782இல் திருகோணமலையின் ஒஸ்ரன்பேர்க் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியோருள்ளும் மரீன்கள் இருந்தனர். அதனை மறந்து அவ்வங்கியை அணிதல் எம்மால் இயலாது. அதனை மாத்திரம் நினைந்து, அதனுள் இருந்த ஏழையை வெறுத்தலும் நேர்மையன்று.

துப்பாக்கி ஏந்தியவன் எந்த வர்க்கத்தவன், எவருக்காக ஏந்தினான், எப்போது ஏந்த மறுத்தான் என மாணவர் வினவட்டும். அவ்வினாக்களுக்கு இடமளிக்காத வரலாறு வெறும் அணிவகுப்பேயாகும்.