பழைய வள்ளம் வாங்குவது மானக்கேடா?

கோடைக்குக் குடும்பத்தோடு ஓட ஒரு பழைய ஃபைபர் கிளாஸ் படகு எடுக்கப் போகிறேன் என்று வாய்விட்ட நாளிலிருந்து ஒஸ்லோவில் எங்கட ஆட்கள் என்னை விடுவதாயில்லை. “எழுபதுகளில செய்த வள்ளமோ? காசில்லாட்டில் பேசாமல் இருக்கலாமே தம்பி” என்றார் ஒரு மாமா. புதுக் காருக்குக் கடனெடுக்கக் கூசாத சனம் பழைய படகென்றதும் முகம் சுளிப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நோர்வேக்காரரிடம் நான் மனதார மெச்சுவது, பழையதை வைத்திருக்க அவர்கள் வெட்கப்படாததைத்தான். ஆரெண்டாலில் கட்டிய பழைய ஃபியோர்ட் படகுகள் இன்றும் ஓடுகின்றன. வசந்தம் பிறந்ததும் துறைக்குப் போனால், வைத்தியரும் பஸ் சாரதியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடந்து படகின் அடியைச் சுரண்டுவதைக் காணலாம். பயிரிடாத தீவுக் கரையில் எவரும் இறங்கலாம் என்று 1957இலேயே சட்டம் எழுதிய நாடு இது. படகில்லாதவனுக்கு அந்த உரிமை எட்டாது.

படகின் பளபளப்பில் மயங்கக் கூடாது. கண்ணாடியிழை உக்காது, அதற்குள் வைத்து மூடிய மரம் உக்கும். இயந்திரம் தொங்கும் பின்பலகைதான் முதலில் போகும். துளை வழியே இறங்கிய நீர், வெளியே ஒரு கீறலும் காட்டாமல் உள்ளிருக்கும் ஒட்டுப்பலகையைக் கூழாக்கிவிடும். இயந்திரத்தை உயர்த்தி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பலகையும் சேர்ந்து அசைகிறதா? பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்னும், ஊறிய இடம் மந்தமாய் ஒலிக்கும். நான் பார்த்த வெள்ளைப் படகில், விற்றவரே திருப்புளியை என் கையில் தந்து ஒரு திருகாணியைக் கழற்றச் சொன்னார். புரியில் கறுத்து நனைந்த மரத்தூள் அப்பியிருந்தது. “பலகை மாற்றும் செலவைக் கழித்துவிடுகிறேன்” என்றார். இந்த நேர்மைக்காகவே இந்த நாட்டை எனக்குப் பிடிக்கும்.

அதற்காக ஊரைக் குறைவாகப் பேச விடமாட்டேன். யாழ்ப்பாணத்துக் குருநகரில் அடிபட்ட வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து, இழைப்பாயும் பிசினும் வைத்து ஒட்டி மீண்டும் தொழிலுக்கு இறக்குகிறார்கள். இங்கே அதே வேலைக்குக் கேட்கும் கூலி தலையைச் சுற்ற வைக்கும்.

1985 மே 15இல் குமுதினிப் பயணிகள் படகில் நடந்த கொலைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் கடலுக்கு அஞ்சினால் அதை மதிக்கிறேன். “வள்ளம் கரையாரின்ர சாமான்” என்ற பேச்சிலோ அச்சமில்லை, சாதித் தடிப்புத்தான் இருக்கிறது. 1956இல் இங்கு வந்த அன்ரனி இராஜேந்திரத்தை நோர்வேயின் முதல் தமிழர் என்று மேடைகளில் புகழ்கிறோம். இந்நாட்டு மக்களிடம் காசு சேர்த்து அவர் ஊருக்குக் கொண்டுபோனது என்ன? காரைநகரில் கண்ணாடியிழைப் படகு கட்டிய சீநோர் நிறுவனம்! அவருக்கு மாலை போட்டுவிட்டுப் படகை இளக்காரமாய்ப் பேச எப்படி நாக்கு வருகிறது?

அந்த வெள்ளைப் படகையே எடுத்திருக்கிறேன். விளிம்பு உயரம், பிள்ளைகள் பயமின்றி இருக்கலாம். 8 மீற்றருக்குக் குறைந்த படகு என்பதால் ஓடும்போது எல்லோரும் மிதவை அங்கி போட்டேயாக வேண்டும். இயந்திரம் 25 குதிரைவலுவைத் தாண்டுவதால், 1980க்குப் பின் பிறந்த என் மூத்த மகள் சுக்கான் பிடிக்கப் பரீட்சை எழுத வேண்டும். அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.