சிவப்பு ரிப்பன், பச்சை ரிப்பன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருஷம் கணக்கு எழுதியவன் நான். பேரேட்டை மூடிவிட்டு ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. 2022 மே மாதம் என் பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டுச் செலவு. கோயிலில் பூசை முடிந்ததும் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு மாடியில் ஷாமியானா போட்டு மதியச் சாப்பாடு. வருகிற பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்ற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் சின்ன வயசில் ஞானஸ்நான வீட்டில் கைநிறைய ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும், அவ்வளவுதான். இப்போது 'ரிட்டர்ன் கிஃப்ட்' இல்லாமல் அனுப்பினால் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடாது. முதலில் விளக்கு எரியும் சின்னப் பொம்மைகள் வாங்கலாம் என்றிருந்தேன். மகள் ஒரே வார்த்தையில் நிறுத்தினாள்: "அதுல பட்டன் பேட்டரி இருக்கும்ப்பா. கைக்குழந்தைங்க வாயில போட்டா என்ன பண்றது?" அவள் சொன்னது சரி. 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. நான் பார்த்து வைத்திருந்த பொம்மையில் முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. சாக்லேட்டும் வேண்டாம் என்றாகிவிட்டது. மே மாத மாடியில் அது பாயசமாகிவிடும்.

காலை மின்சார ரயிலில் மூர்மார்க்கெட் இறங்கி, ஈவினிங் பஜாரில் தொடங்கி பந்தர் தெரு வரை நடந்தேன். எவர்சில்வர் தண்ணி பாட்டில் 120 ரூபாய். இரண்டு பென்சில், ரப்பர், ஷார்ப்னரோடு ஜாமென்ட்ரி பாக்ஸ் மாதிரி ஒரு டப்பா 40 ரூபாய். வரப்போகிற பிள்ளைகள் 52. எல்லாருக்கும் பாட்டில் என்றால் 6240. கடை வாசலில் நின்றபடி மனசுக்குள் ஒரு கோடு கிழித்தேன். அந்தக் கோடுதான் இந்தக் கட்டுரை.

2019இல் மகள் கல்யாணத்துக்கு எழுதிய மொய் நோட்டு வீட்டில் இருந்தது. அன்று ராத்திரி, மனைவி தூங்கின பிறகு அதை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆயிரமும் அதற்கு மேலும் எழுதியவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டில். அதற்குக் கீழே டப்பா. பாட்டில் 20, டப்பா 32. மொத்தம் 3680 ரூபாய். நோட்டில் இல்லாத பிள்ளைகள் யாரும் வரமாட்டார்கள் என்பது போலப் பென்சிலால் டிக் அடித்தேன். பன்னிரண்டு வயசுக்கு மேல் பிள்ளை இல்லை என்றும் நானே முடிவு செய்துகொண்டேன். பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி அன்றைக்கு வெறுங்கையோடு தன் தங்கையின் பையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது பிறகு நடந்தது.

பை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. முந்தின டிசம்பரில்தான் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியிருந்தது. மனைவிக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது, சின்னச் சின்ன மஞ்சள் துணிப்பை தைத்து வாங்கினாள். வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. கொடுக்கும்போது குழம்பிவிடக் கூடாதே என்று பாட்டில் பைக்குச் சிவப்பு ரிப்பன், டப்பா பைக்குப் பச்சை ரிப்பன் கட்டினேன். விடைபெறும்போது மாடிப்படி ஓரத்தில் நான் நின்று ஒவ்வொருவராகக் கையில் கொடுத்து அனுப்புவது என் திட்டம். யாருக்கும் யாருடையதும் தெரியப்போவதில்லை.

அன்றைக்குக் கோயிலில் ஐந்து குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். பாஸ்கா காலம் என்பதால் பாஸ்கா திரி பீடத்துக்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. ஐந்து குழந்தைகளுக்கும் வெள்ளை உடுப்பு, ஐந்து திரிக்கும் அந்த ஒரே திரியிலிருந்து நெருப்பு. ஞானத்தகப்பனாக நின்ற என் மகன் கை நடுங்கத் திரியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதும் மனசில் பைகள்தான். சிவப்பை எந்தப் பக்கம் அடுக்கினோம்?

முதல் பந்தியில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். பிரியாணியை அரைகுறையாகத் தின்றுவிட்டு அவர்கள் மாடியை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பந்தி நிம்மதியாக நடக்கட்டும் என்று மனைவி, என்னைக் கேட்காமலே, பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பைகளை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பட்டியல் நான் போட்டது. நான் கீழே தண்ணி கேன் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது என் தங்கை மகள், ஒன்பது வயசு, நாற்காலி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"லாக் அண்ட் கீ! சிவப்பெல்லாம் இந்தப் பக்கம், பச்சையெல்லாம் அந்தப் பக்கம்!"

பிள்ளைகள் ரிப்பனை அவிழ்த்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். என் மொய் நோட்டு கால் முளைத்து மாடியில் நின்றது. சிவப்பு வரிசையில் ஆயிரமும் அதற்கு மேலும் எழுதியவர்கள். பச்சை வரிசையில் மற்றவர்கள். மூன்றாவது பந்திக்குக் காத்திருந்த பெரியவர்கள் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். யார் பிள்ளை எங்கே நிற்கிறது, எந்தப் பையில் பாட்டில், எந்தப் பையில் டப்பா என்று ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

என் மச்சான், மனைவியின் தம்பி, பக்கத்தில் வந்து நின்றான். கல்யாணத்தப்போ அவனுக்கு வேலை போயிருந்தது, 500 எழுதியிருந்தான். அதற்கு முந்தின வாரம் பந்தல் சாமான் ஏற்றி இறக்கினதெல்லாம் அவன்தான். அது நோட்டில் ஏறாது. "மாமா, நம்ம பசங்க ரெண்டு பேரும் பச்சை டீம் போல," என்று சொல்லிச் சிரித்தான். கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன்.

அவனையும் விடுங்கள். பச்சை வரிசையின் கடைசியில் எதிர்வீட்டு அம்மாவின் பேரன் நின்றான். கல்யாணத்தில் அவர்கள் எழுதியது 201. 2022இல் பங்குனி உத்திரம் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியுமாக, மார்ச் 18இல் வந்தது. பௌர்ணமி வெள்ளியில் மூன்று அம்மனை ஒரே நாளில் பார்ப்பது இந்தப் பக்கத்து வேண்டுதல்: காலையில் மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கொடியிடையம்மன். முட்டி வலியோடு பஸ் மாறி மாறி அந்த அம்மா போய்வந்தது என் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பது அவருக்கு ஒரு கேள்வியாகவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்குக் குங்குமப் பொட்டலத்தை நீட்டி, "வெச்சுக்க வேணாம், தலகாணிக்கடியில போடு கண்ணு," என்று மகளிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். மொய் நோட்டைப் புரட்டிய ராத்திரி அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பந்தி கலைந்தபோது இரண்டு சிவப்புப் பை மிஞ்சியிருந்தது. என் பழைய முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியவை. அவர்கள் வரவேயில்லை.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினேன். மனைவி தடுத்தாள். "இப்ப கொண்டுபோய்க் குடுத்தா, அவங்க கவனிக்காததையும் நீங்களே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்." கேட்கவில்லை. என் மனசு ஆற வேண்டுமே, அதற்குத்தான் போனேன் என்று இப்போது தெரிகிறது. அந்த அம்மா பையை வாங்கவில்லை, முதலில் என் முகத்தைப் பார்த்தார். "பையனுக்குத்தான் டப்பா குடுத்தீங்களேண்ணே?" மிஞ்சிப்போச்சு என்று சொன்னேன். மிஞ்சினதைக் கொண்டுவந்தேன் என்று சொன்ன மாதிரி அது காதில் விழுந்தது. திருத்த வார்த்தை கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை ஒரு சம்படம் நிறைய எள்ளுருண்டை எங்கள் வீட்டுக்கு வந்தது.

இத்தாலியில் வேலை பார்க்கிற உறவுப் பையன் பிறகு ஒருநாள் போனில் சொன்னான்: அங்கே ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களுக்குச் சர்க்கரை பூசிய பாதாம் ஐந்து, சின்னப் பையில் கட்டிக் கொடுப்பார்களாம். ஆரோக்கியம், செல்வம், சந்தோஷம், மகப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் கணக்கு. எல்லாருக்கும் ஐந்தேதான். ஸ்காட்லாந்தில் இன்னும் வேடிக்கை. குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போகும் வழியில் முதலில் எதிர்ப்படுகிற பிள்ளை கையில் ரொட்டியும் காசும் வைத்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிடுகிற பழக்கம் இருந்ததாம். எதிர்ப்படுவது யார் வீட்டுப் பிள்ளையோ. அவர்களிடம் மொய் நோட்டு இருந்திருக்காது.

ஞானஸ்நானம் முடிந்த வாரமே, பழக்கதோஷத்தில், கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். 52 பேருக்கும் டப்பாவே வாங்கியிருந்தால் 2080 ரூபாய். அதாவது அந்த இரண்டு வரிசையை நிற்கவைக்க நான் மேற்கொண்டு 1600 ரூபாய் செலவழித்திருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பையன் பாட்டிலைப் பள்ளிக்கு எடுத்துப்போகிறான். பச்சை ரிப்பனைச் சைக்கிள் கைப்பிடியில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். வெயிலில் வெளுத்து இப்போது பாதி வெள்ளை. அன்றைக்கு லாக் அண்ட் கீயில் பச்சைதான் ஜெயித்ததாம். காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரே வந்தால் பெல் அடித்து, "தாத்தா, எங்க டீம்!" என்று ரிப்பனைத் தூக்கிக் காட்டுவான். நானும் கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.