நாலடி ஆழம்

ஏப்ரல் 12

பனி முழுவதும் கரைந்துவிட்டது. பின்வளவு வேலி இந்த முறை நன்றாகவே சாய்ந்து நிற்கிறது. தூண் ஒன்றைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அடியிலிருந்த கொங்கிறீட் கட்டியும் சேர்ந்து ஆடியது. கட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. நாங்கள் வாங்குவதற்கு முன்பே போட்ட வேலி இது. தூணை இரண்டடிக்கு மேல் இறக்கவில்லை.

ஸ்காபரோவின் களிமண் தண்ணீரை விடாமல் வைத்திருக்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது தூணைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கும். வசந்தத்தில் மண் இளகினாலும் தூண் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, கடைசியில் ஒரு காற்றுக்குச் சரிந்துவிடும். ரொறன்ரோ வட்டாரத்தில் அத்திவாரத்துக்குக் கணக்கில் எடுக்கும் ஆழம் 1.2 மீற்றர், அதாவது நாலடி.

டெக்கும் போய்விட்டது. படியின் பக்கப் பலகையில் வீட்டுத் திறப்பால் குத்தினால் உள்ளே இறங்குகிறது. பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வருவதற்குள் இரண்டையும் புதிதாகச் செய்துவிட வேண்டும்.

ஏப்ரல் 15

எல்லை வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. ஆளைத் தேடுமுன் அடுத்த வீட்டு இத்தாலியப் பெரியவரிடம் போனேன். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் சாய்த்துப் புதைத்து வைத்திருந்த அத்திமரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். செலவில் பாதி தருவதாக உடனேயே சொன்னார். காணியின் அளவை வரைபடத்தை விரித்து வைத்து, இரண்டு பேருமாக எல்லையில் புதைத்திருந்த இரும்புக் கம்பியைத் தோண்டிக் கண்டுபிடித்தோம். வேலி எந்தக் கோட்டில் வரும், எவ்வளவு உயரம், ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். ரொறன்ரோவில் பின்வளவு வேலி 2 மீற்றர் வரை போகலாம்.

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்தவன் நான். கிடுகு மாற்றி அடைக்கும் நாளில் கிளுவங் கதியால் ஒரு சாண் அரக்கி நடப்பட்டது என்று தொடங்கி, கோடு கச்சேரி ஏறி, சகோதரங்கள் செத்த வீட்டுக்கும் போகாமல் விட்டதைக் கண்டிருக்கிறேன். எல்லைக் காரியத்தில் வாய்ச்சொல் போதாது.

ஏப்ரல் 21

விலை கேட்டுச் சிலரை வரவழைத்தேன்.

முதலில் வந்தவர் வளவுக்குள் இறங்கவேயில்லை. கதவடியில் நின்று போனில் நாலு படம் எடுத்தார். இரவு குறுஞ்செய்தியில் ஒரு தொகை வந்தது. காசாகத் தந்தால் வரி இல்லை என்றும் எழுதியிருந்தார். ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம். பெரிய வேலையில் அது பெரிய தொகைதான். ஆனால் ரசீது இல்லாத வேலைக்கு, பிறகு ஒரு பிழை வந்தால், கையில் காட்ட எதுவுமே இராது. இந்த நாட்டின் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் பாவித்துக்கொண்டு வரியை ஒளிக்க எனக்கு மனமும் இல்லை.

அடுத்து வந்தவர் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர். மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த பலகைகளின் மாதிரிகளை மேசை நிறையப் பரப்பினார். நல்ல பொருள்தான், வருடா வருடம் எண்ணெய் பூசத் தேவையில்லை. ஆனால் அதற்கும் அடியில் தாங்கி நிற்பது மரச்சட்டம்தான். அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

கடைசியாக ஏஜக்ஸிலிருந்து ஒரு தமிழ்ப் பொடியன் வந்தார். வந்ததும் வராததுமாகக் கதவு வாசலிலிருந்து நிலம் வரை அளவுநாடாவை இறக்கினார்.

“அண்ணை, நிலத்திலயிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல வருது. பெர்மிட் எடுக்கத்தான் வேணும்.”

பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“பழைய டெக்கை இந்தச் செங்கல்லிலதான் போல்ட் போட்டு இறுக்கியிருக்கினம். இது முகப்புக்கு வைச்ச ஒற்றைக் கல், பாரம் தாங்காது. நான் சுவரைத் தொடாமல், தனித் தூணில நிற்பாட்டித் தாறன். இரண்டு தூண் கூடச் செலவாகும்.”

செலவு கூடும் என்று தானாகவே சொல்லி, ஏன் கூடுகிறது என்றும் விளக்கியவர் அவர் ஒருவர்தான். அந்த இடத்திலேயே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். அவருடைய தொகை மூன்றிலும் குறைந்ததும் அல்ல, கூடியதும் அல்ல.

ஏப்ரல் 28

ஏஜக்ஸ் தம்பியோடு இன்று ஒப்பந்தம் எழுதினோம். மச்சான் மொன்றியலிலிருந்து தொலைபேசியில், “எங்கட ஆளிட்டையே பேப்பர் கேக்கிறியள்? அந்தப் பொடியன் என்ன நினைப்பான்?” என்றார். இந்தக் கதையை எங்கள் சமூகத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஊர் ஒன்று, கோயில் ஒன்று, மாமாவின் சிநேகிதனின் மகன் என்று தொகையில் பாதியை முற்பணமாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வேலை இழுபட்டால் கேட்கவும் கூச்சம், விடவும் முடியாது. கடைசியில் காசும் போய் உறவும் போய்விடும். எழுதி வைப்பது சந்தேகம் அல்ல. உறவைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

தம்பிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தானே ஒரு கோவை கொண்டு வந்தார். மாநகரசபையின் கட்டட மறுசீரமைப்பு உரிமம், பொறுப்புக் காப்புறுதி, வேலையாட்களுக்கான காப்பீட்டுச் சபையின் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருந்தன. வேலையாள் ஒருவர் என் வளவில் விழுந்து முதுகை முறித்தால் அவருடைய குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது அவருக்காகவும்தான்.

இங்குள்ள நுகர்வோர் சட்டம் நல்ல சட்டம். நம்மவர் பலர் அதை அறியாமலே இருக்கிறார்கள். மதிப்பீட்டுத் தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், நாம் புதிதாக எதையும் கேட்காதவரை, இறுதிக் கட்டணம் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள், காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

கட்டுமானச் சட்டம் இன்னொன்று சொல்கிறது. ஒப்பந்தக்காரர் மரக்கடைக்கோ துணை வேலைக்காரருக்கோ காசு கொடுக்காமல் விட்டால், அவர்கள் நம்முடைய வீட்டின் மீதே உரிமை கோரலாம். அதனால்தான் தொகையில் 10 வீதத்தை வேலை முடிந்து 60 நாள் வரை கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். தம்பி அதையும் தன் கையால் ஒப்பந்தத்தில் எழுதினார். முற்பணம் 10 வீதம், மரம் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, தூண்கள் நின்றதும் ஒரு பங்கு என்று மிச்சத்தைப் பிரித்துக்கொண்டோம்.

மே 14

பெர்மிட் வந்துவிட்டது. புல்தரை முழுவதும் சின்னச் சின்னக் கொடிகள்: எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசி இணையக் கம்பிகளுக்குச் செம்மஞ்சள். ஒன்ராறியோவில் வேலிக்கு ஒரு குழி தோண்டுவதென்றாலும் முன்கூட்டியே அறிவித்து இவற்றை அடையாளம் வைப்பிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இது இலவசம். மூலைத் தூண் வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கொடி நிற்கிறது. அடையாளத்திலிருந்து ஒரு மீற்றருக்குள் இயந்திரம் வைக்கக்கூடாது. “அது நான் கையால கிண்டுறன்” என்றார் தம்பி.

மே 22

குழி தோண்டும் நாள். இயந்திரத் துளைப்பான் முதலில் கருமண்ணைத் துப்பியது, பிறகு சாம்பல் நிறக் களி, அதன்பின் யாரோ என்றோ புதைத்த செங்கல் துண்டுகள். மஞ்சள் கொடிக்குக் கிட்ட தம்பி முழங்காலில் இருந்து சிறிய மண்வெட்டியால் தோண்டினார். ஒரு குழிக்கே காலைப்பொழுது போய்விட்டது. ஒவ்வொரு குழியிலும் நாடாவை இறக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: நாலடி, சிலவற்றில் அதற்கும் மேலே.

பின்னேரம் மாநகரசபைப் பரிசோதகர் வந்து டெக்குக்கான குழிகளை எட்டிப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் கொங்கிறீட் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டால் உள்ளே இருப்பது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. பரிசோதகர் வருகிறார் என்பதற்காகவே பெர்மிட்டின் கட்டணத்தைச் சந்தோஷமாகக் கட்டலாம்.

ஜூன் 3

சட்டங்கள் ஏறிவிட்டன. இன்று முழுவதும் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்.

தம்பியோடு வேலை செய்யும் பெடியன் ஒருவன் கையில் ஒரு தகரப்பேணியும் தூரிகையும். பலகை வெட்டும் ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தில் பச்சை நிறத் திரவம் ஒன்றைத் தடவுகிறான். மருந்தேற்றிய மரத்தில் மருந்து நடுவரை போவதில்லை, வெட்டினால் உள்ளிருக்கும் மருந்தேறாத மரம் வெளியே வந்துவிடும், உக்கல் தொடங்குவதும் அங்கேதான் என்று தம்பி விளக்கினார். படிக்கு அடியில், யாரும் ஒருநாளும் குனிந்து பார்க்காத மூலையிலும் அவன் தடவத் தவறவில்லை.

முன்பு வீட்டு வேலைக்குப் பாவித்த மருந்தேற்றிய மரத்தில் ஆர்செனிக் இருந்தது. 2003 முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதைய மருந்தில் செம்பு கூட; அது சாதாரண இரும்பாணியை அரித்துவிடும். அதனால் துத்தநாகத்தில் தோய்த்த ஆணியோ துருப்பிடிக்காத உருக்கோ வேண்டும். ஆணிப்பெட்டியைக் கேட்காமலே என் கையில் தந்து வாசிக்கச் சொன்னார்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. சின்னப்பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான அளவு அது. பெடியன் அளவுக்கென்றே ஒரு மரத்துண்டு வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறான்.

ஜூன் 11

பரிசோதகர் கடைசி முறையும் வந்து போய்விட்டார். நடுவில் நாங்கள் கூடுதலாகக் கேட்ட அகலப் படிக்கு விலையை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினார் தம்பி. இத்தாலியப் பெரியவர் தன் பங்குக் காசோலையை இன்று காலையிலேயே கொண்டு வந்து தந்தார். கொடுக்க வேண்டியதைத் தம்பிக்குக் கொடுத்தாயிற்று. வைத்திருக்கும் 10 வீதத்துக்கு ஆகஸ்ட் மாதத் திகதியை நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். அந்த நாளிலேயே அது அவர் கையில் சேரவேண்டும்.

இப்போதே கோயிலில் இரண்டு பேர் தம்பியின் தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள். கொடுத்தேன். விலையைக் கேட்பதற்கு முன் குழி எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், காசு கொடுக்க வேண்டிய நாளில் நீங்களும் பிந்தாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.